சாண்ட்லரில் ஐந்து நாள்

எனக்கு ஒரு பெரியம்மா பையன் இருக்கிறார், அண்ணன் முறை. அரிசோனாவில் எம்.எஸ். முடித்துவிட்டு அங்கேயே சாண்ட்லர் என்ற ஊரில் சிப் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறார். இன்னும் மாணவர் விசா கணக்கில்தான் இருக்கிறார் (படிப்பு முடிந்த பின் கொஞ்ச காலம் அப்படி வேலை செய்யலாமாம்). 2025 ஏப்ரலில் ஒரு நாள் வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தபோது, "பாஸ்போர்ட், ஐ-20 எல்லாம் கார்லயே வெச்சிருக்கேன்டா" என்றார்.

"ஏன் அண்ணா, ஏர்போர்ட் போறீங்களா?"

"இல்லடா, பால் வாங்கப் போறேன்."

சிரித்துவிட்டோம். ஆனால் அவர் முகத்தில் சிரிப்பு பாதிதான் இருந்தது. பால் வாங்கப் போகிறவன் எதற்குப் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு போகவேண்டும் என்று அன்றைக்கு ராத்திரி படிக்க ஆரம்பித்தேன். 2025-ஐப் பற்றிப் படிக்கப் போய், 1997-ல் போய் விழுந்தேன். அதுவும் அதே சாண்ட்லரில்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். நம்ம ஊர்க்காரர்களுக்கு இது கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். இந்தியாவில் ஒரு வெளிநாட்டுக்காரர் பதிவு செய்ய வேண்டுமென்றால், சென்னை மாதிரி தனி அலுவலகம் இருக்கும் ஊர்களை விட்டால், மாவட்ட எஸ்.பி. அலுவலகத்துக்குத்தான் போகவேண்டும். எஸ்.பி.தான் வெளிநாட்டவர் பதிவு அதிகாரி. போலீஸும் விசாவும் ஒரே கட்டடத்தில் இருப்பது நமக்குச் சாதாரணம். அமெரிக்காவில் அப்படி இல்லை. யார் நாட்டுக்குள் வரலாம், யார் போகவேண்டும் என்பது முழுக்க மத்திய அரசின் வேலை. திருட்டு, அடிதடி, கொலை, டிராஃபிக் எல்லாம் பெரும்பாலும் உள்ளூர் போலீஸ், கவுண்டி ஷெரீஃப், மாநில போலீஸ் பாடு. (கவுண்டி என்பது ஏறக்குறைய நம்ம மாவட்டம். ஷெரீஃப் என்பவர் ஓட்டு வாங்கி ஜெயித்து வரும் போலீஸ் அதிகாரி. இந்த ஓட்டு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

இன்னொன்று. விசா காலம் முடிந்தும் அமெரிக்காவில் தங்கியிருப்பது அந்த நாட்டுச் சட்டப்படி கிரிமினல் குற்றம் அல்ல, சிவில் மீறல். அனுமதியில்லாமல் எல்லை தாண்டுவது குற்றம், ஆனால் தாண்டிய பிறகு அங்கே இருப்பது மட்டுமே குற்றம் ஆகாது. நாடு கடத்தலாம், அது வேறு. ஆகவே ஒரு சாதாரண ஊர் போலீஸ்காரர் ஒருவரைப் பார்த்து "நீ எந்த நாடு, பேப்பர் எடு" என்று கேட்டால், அவர் எந்தச் சட்டத்தின் கீழ் கேட்கிறார் என்பதே கேள்விதான்.

இனி சாண்ட்லர்.

ஃபீனிக்ஸ் நகரத்தின் தென்கிழக்கே, பருத்தி வயல்களுக்கு நடுவே 1912-ல் ஒரு கால்நடை டாக்டர் உருவாக்கிய ஊர். அவர் பெயர்தான் ஊர்ப் பெயர். 1980-களில் சிப் தொழிற்சாலைகள் வந்தன, 1990-களில் ஊர் ராக்கெட் வேகத்தில் வளர்ந்தது. வளர்கிற ஊருக்கு வீடு கட்ட, தோட்டம் வெட்ட, ஓட்டலில் பாத்திரம் கழுவ ஆள் வேண்டும். அந்த ஆட்கள் மெக்சிகோவிலிருந்து வந்தார்கள். ஊரின் பழைய மையப்பகுதியில், வாடகை குறைவான வீடுகளில் தங்கினார்கள். அதே பழைய பகுதியைத்தான் நகராட்சி புதுப்பிக்க நினைத்தது. தெருமுனையில் வேலைக்காகக் காத்து நிற்கும் கூட்டத்தைப் பற்றிப் புகார்கள் வந்தன.

1997 ஜூலை 27. சாண்ட்லர் போலீஸும் மத்திய அரசின் எல்லைக் காவல் படையும் சேர்ந்து இறங்கினார்கள். ஐந்து நாள். உள்ளூர் போலீஸ்காரர்கள் இருபதுக்கு மேல், எல்லைப் படையினர் ஒரு சிலர்தான். கூட்டு நடவடிக்கை என்று சொன்னாலும் தெருவில் நின்றது பெரும்பாலும் ஊர் போலீஸ். சைக்கிளில் போகிறவர்களை நிறுத்தினார்கள். மளிகைக்கடை வாசலில் நின்றார்கள். காரை மடக்கினார்கள். ராத்திரி வீட்டுக் கதவைத் தட்டினார்கள். முடிவில் 432 பேர் பிடிபட்டு நாடு கடத்தப்பட்டார்கள்.

நடவடிக்கையை ஆதரிப்பவர்கள் இந்த 432-ஐத்தான் சொல்வார்கள். 432 பேரும் அனுமதி இல்லாதவர்கள்தானே, என்ன தப்பு? நியாயமான கேள்விதான். ஆனால் அந்த 432 பேரைக் கண்டுபிடிக்க எத்தனை பேரை நிறுத்தினார்கள் என்பது இந்த எண்ணிக்கையில் வராது. நிறுத்தப்பட்டவர்களில் அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் இருந்தார்கள். கிரீன் கார்டு வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். பிள்ளைகளுக்கு முன்னால் அம்மாவிடம் "பிறப்புச் சான்றிதழ் இருக்கா" என்று கேட்டார்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், உங்களில் எத்தனை பேர் கடைக்குப் போகும்போது பிறப்புச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு போவீர்கள்?

அந்த வருடக் கடைசியில் அரிசோனா மாநில அட்டர்னி ஜெனரல் கிராண்ட் வுட்ஸ் ஒரு விசாரணை அறிக்கை வெளியிட்டார். அவர் ரிபப்ளிகன் கட்சிக்காரர், இடதுசாரி ஆள் எல்லாம் இல்லை. அந்த அறிக்கையின் சாரம்: மக்கள் பலர் நிறுத்தப்பட்டதற்குத் தோற்றம் மெக்சிகன் மாதிரி இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் வழக்குப் போட்டார்கள். 1999-ல் நகராட்சி 4,00,000 டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டது, போலீஸுக்குப் புது விதிமுறைகளும் வந்தன.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதே சாண்ட்லர் காட்டிய இந்த ஒரு விஷயம்தான். திருடனைத் தேடும் போலீஸ்காரருக்கு ஏதாவது ஒரு தடயம் இருக்கும். உடைந்த பூட்டு, காணாமல் போன பை, பார்த்த சாட்சி. விசா இல்லாதவரைத் தேடும் போலீஸ்காரருக்கு என்ன தடயம்? விசா இல்லாமை வெளியில் தெரியாது. அது நெற்றியில் எழுதியிருக்காது. ஆகவே அவர் நெற்றியின் நிறத்தைப் பார்க்கிறார். அந்தப் போலீஸ்காரர் நல்லவராகவே இருந்தாலும் வேலையே அப்படித்தான் அமைந்திருக்கிறது.

இது அமெரிக்காவுக்குப் புதிதில்லை. மத்திய அரசு ஒருவரைப் பிடிக்கச் சொன்னால் உள்ளூர் அதிகாரி பிடித்துக் கொடுக்க வேண்டுமா என்ற சண்டை, அடிமை முறைக் காலத்திலேயே நடந்திருக்கிறது. 1837-ல் எட்வர்ட் பிரிக் என்ற ஆள்பிடிப்பவர் மேரிலாந்திலிருந்து பென்சில்வேனியாவுக்கு வந்து, மார்கரெட் மோர்கன் என்ற பெண்ணையும் அவர் குழந்தைகளையும் 'தப்பி ஓடிய அடிமைகள்' என்று சொல்லி இழுத்துக்கொண்டு போனார். பென்சில்வேனியா சட்டப்படி அது ஆள்கடத்தல், வழக்குப் போட்டார்கள். 1842-ல் உச்ச நீதிமன்றம் பிரிக் பக்கம் தீர்ப்பு சொன்னது. ஆனால் அந்தத் தீர்ப்பில் நீதிபதி ஜோசப் ஸ்டோரி இன்னொன்றையும் எழுதினார்: அடிமைகளைத் திருப்பிப் பிடித்துக் கொடுப்பது மத்திய அரசின் பொறுப்பு, அதற்காக மாநில அதிகாரிகள் வேலை செய்தே தீரவேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. வட மாநிலங்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. மாசசூசெட்ஸ் 1843-லேயே தன் அதிகாரிகளும் சிறைகளும் இதற்கு உதவக்கூடாது என்று சட்டம் போட்டது.

தெற்கு சும்மா இருக்குமா? 1850-ல் புதிய தப்பியோடிய அடிமைச் சட்டம். மத்திய கமிஷனர்களை நியமித்தார்கள். பிடிபட்டவர் அடிமைதான் என்று கமிஷனர் தீர்மானித்தால் அவருக்கு 10 டாலர் கட்டணம், இல்லை என்று விடுவித்தால் 5 டாலர். (ஆவணம் எழுதும் வேலை அதிகம் என்பதால் 10 டாலராம். நம்புங்கள்.) தெருவில் போகிற பொதுமக்களைக்கூட உதவிக்குக் கூப்பிட அதிகாரிகளுக்கு அதிகாரம் இருந்தது. 1854-ல் பாஸ்டனில் ஆன்டனி பர்ன்ஸ் என்ற ஒரே ஒரு மனிதரைக் கப்பலேற்ற, தெரு நெடுக ராணுவத்தை நிறுத்த வேண்டியிருந்தது.

தப்பிய அடிமையும் விசா முடிந்த தொழிலாளியும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது அடிமை முறையின் கொடூரத்தைக் குறைத்துச் சொல்வது. எனக்கு ஆச்சரியமாக இருப்பது சட்டத்தின் வம்சாவளி. இன்றைக்கு ஒரு அமெரிக்க நகரம் "எங்கள் போலீஸ் குடியேற்ற வேலை செய்யாது" என்று சொல்வதற்கு ஆதாரமாக இருக்கும் தீர்ப்புகள் எங்கிருந்தெல்லாம் வந்தவை என்று பார்த்தால் சுவாரஸ்யம். முதலாவது 1842-ன் அடிமை வழக்கு. இரண்டாவது, துப்பாக்கி வழக்கு.

1993-ல் துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியை உள்ளூர் ஷெரீஃப் சரிபார்க்க வேண்டும் என்று மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது. மொன்டானாவில் ஜே பிரின்ட்ஸ், அரிசோனாவில் கிரஹாம் கவுண்டியில் ரிச்சர்ட் மேக், இரண்டு ஷெரீஃப்கள், "மத்திய அரசுக்கு நான் வேலையாள் இல்லை" என்று வழக்குப் போட்டார்கள். இரண்டு பேருமே துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கு எதிரானவர்கள். உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அவர்கள் பக்கம் நின்றது, தீர்ப்பை எழுதியவர் வலதுசாரிகளின் அபிமான நீதிபதி அன்டனின் ஸ்கேலியா. மத்திய அரசு தன் திட்டத்தை நடத்த மாநில அதிகாரிகளுக்கு உத்தரவு போட முடியாது என்று முடித்தார். மூன்றாவது, 2018-ல் நியூஜெர்சியின் சூதாட்ட வழக்கு, அதிலும் அதே கொள்கைதான். அடிமை, துப்பாக்கி, சூதாட்டம். இந்த மூன்று கால்களில்தான் இன்றைய 'அடைக்கல நகரங்கள்' நிற்கின்றன.

பிரின்ட்ஸ் தீர்ப்பு வந்த தேதியைப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1997 ஜூன் 27. சரியாக ஒரு மாதம் கழித்து, அதே அரிசோனாவில், ஜூலை 27-ந் தேதி சாண்ட்லர் போலீஸ் தானே விரும்பி மத்திய அரசோடு தெருவில் இறங்கியது. கட்டாயப்படுத்த முடியாது என்று சொன்ன தீர்ப்பு, விரும்பிச் செய்வதைத் தடுக்கவில்லை.

விரும்பாதவர்களும் இருந்தார்கள். ஓரிகன் மாநிலத்தில் இன்டிபென்டன்ஸ் என்று ஒரு சின்ன ஊர் ('சுதந்திரம்' என்று பெயர் வைத்த ஊரில்தான் இது நடந்தது). 1977 ஜனவரியில் ஒரு ரெஸ்டாரன்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மெக்சிகன் வம்சாவளி அமெரிக்கர் ஒருவரைப் போலீஸார் எழுப்பி, எல்லார் முன்னாலும் நிற்க வைத்து, குடியுரிமை பற்றி விசாரித்தார்கள். அவர் வழக்குப் போட்டார். அவருடைய வக்கீல் ராக்கி பரியா பிற்பாடு மாநிலச் சட்டசபைக்குத் தேர்வாகி, 1987-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்: குடியேற்றச் சட்டத்தை மீறியது தவிர வேறு குற்றம் செய்யாதவரைத் தேடிப் பிடிக்க மாநில, உள்ளூர் போலீஸின் பணமோ ஆளோ செலவாகக் கூடாது. இரண்டு கட்சிக்காரர்களும் கிட்டத்தட்ட ஒருமனதாக ஓட்டுப் போட்டார்கள். 2018-ல் இதை ரத்து செய்ய வாக்கெடுப்பு நடந்தபோது ஓரிகன் மக்கள் பெரும் வித்தியாசத்தில் முடியாது என்றார்கள்.

அதற்கும் முன்னால், 1979-ல், லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் தலைவர் டேரில் கேட்ஸ் 'சிறப்பு ஆணை 40' என்று ஒன்று போட்டார். ஒருவருடைய குடியேற்ற நிலையைக் கண்டுபிடிப்பதற்காகவே போலீஸார் நடவடிக்கை எடுக்கக் கூடாது. கேட்ஸ் ஒன்றும் இளகின மனசுக்காரர் இல்லை. 1991-ல் ராட்னி கிங் அடிவாங்கியபோது அந்தப் போலீஸுக்குத் தலைவர் இவர்தான். அப்படிப்பட்டவர் ஏன் இப்படி ஆணை போட்டார்? கொலையைப் பார்த்த சாட்சி போலீஸைக் கண்டு ஓடினால் கொலைகாரனைப் பிடிக்க முடியாது. அவ்வளவுதான் கணக்கு. இதில் கருணை ஒரு பைசாவுக்கு இல்லை. ஒருவேளை அதனால்தான் அது நாற்பது வருடத்துக்கு மேல் நீடித்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

1996-ல் கிளின்டன் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டத்தில் ஒரு சின்னப் பிரிவு இருந்தது. அதுவே பின்னால் பெரிய பெயரானது: 287(ஜி). ஒரு மாநிலமோ கவுண்டியோ விரும்பினால் மத்திய அரசோடு ஒப்பந்தம் போடலாம். தேர்ந்தெடுத்த போலீஸார் பயிற்சி எடுத்துக்கொண்டு, மத்திய அதிகாரிகளின் மேற்பார்வையில் குடியேற்ற அதிகாரிகள் போலவே விசாரிக்கலாம், பிடிக்கலாம். சாண்ட்லரில் போலீஸார் இந்த அதிகாரம் எதுவும் வாங்காமலேயே இறங்கினார்கள் என்பதைக் கவனியுங்கள். ஒப்பந்தம் போட ஆறு வருடம் ஒருவரும் வரவில்லை. 1998-ல் சால்ட் லேக் சிட்டி யோசித்தது, நகர சபை வேண்டாம் என்றது.

பிறகு செப்டம்பர் 11. இந்த இடத்தில் எதிர்த்தரப்பு வாதத்தையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். விமானம் கடத்திய 19 பேரில் நான்கு பேரை அந்த வருடம் உள்ளூர் போலீஸ் டிராஃபிக்குக்காக நிறுத்தியிருந்தது. ஒருவனை நிறுத்தியது செப்டம்பர் 9, வேகமாக ஓட்டியதற்கு. டிக்கெட் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்தப் போலீஸ்காரர் கையில் இன்னும் கொஞ்சம் தகவல் இருந்திருந்தால்? இந்தக் கேள்வியை யாரும் லேசாக ஒதுக்கிவிட முடியாது. 2002-ல் ஃப்ளோரிடா முதல் ஒப்பந்தம் போட்டது, 35 அதிகாரிகள். அவர்கள் தேடியது பயங்கரவாதிகளை. 2003-ல் அலபாமா.

பயங்கரவாதியைத் தேட வந்த கருவி எப்போது தோட்டக்காரரைத் தேடும் கருவியாக மாறியது என்று கேட்டால், மறுபடியும் அரிசோனாவுக்குத்தான் வரவேண்டும். சாண்ட்லர் இருப்பது மாரிகோபா கவுண்டியில். அங்கே 1993 முதல் ஷெரீஃபாக இருந்தவர் ஜோ ஆர்பையோ. வெயில் கொளுத்தும் பாலைவனத்தில் கூடாரச் சிறை, கைதிகளுக்கு ரோஸ் கலர் உள்ளாடை, டிவி கேமரா எங்கே இருந்தாலும் அங்கே இவர். ஓட்டு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அது இவருக்காகத்தான். ஆறு தேர்தல் ஜெயித்தவர்.

2007 பிப்ரவரியில் 287(ஜி) ஒப்பந்தம். 160 பேர் பயிற்சி பெற்றார்கள், அப்போது நாட்டிலேயே பெரிய எண்ணிக்கை அது. 'குற்றத் தடுப்பு ரோந்து' என்று ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து நூற்றுக்கணக்கில் இறங்குவார்கள். பின் விளக்கு எரியவில்லை, கண்ணாடியில் விரிசல், திரும்பும்போது சிக்னல் போடவில்லை என்று வண்டியை நிறுத்துவார்கள். (சாலையில் ஓடும் எந்தக் காரைத் தொடர்ந்து ஒரு கிலோமீட்டர் போனாலும் ஏதாவது ஒரு தப்பு கிடைக்கும். நம்ம ஊர் டூவீலர்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) நிறுத்திய பிறகு வண்டியில் இருக்கும் எல்லாரிடமும் பேப்பர். 2008 ஏப்ரலில் குவாடலூப்பே என்ற குட்டி ஊரில் இறங்கினார்கள். அங்கே இருப்பவர்களில் பலர் யாக்கி பழங்குடியினரும் அங்கேயே பிறந்த ஸ்பானிய வம்சாவளியினரும். ஊர் மேயரே தெருவில் வந்து ஆர்பையோவோடு நேருக்கு நேர் வாக்குவாதம் செய்தார்.

இதற்கு என்ன விலை கொடுத்தார்கள்? 2008-ல் பக்கத்து ஊரான மேசாவிலிருந்து வந்த ஈஸ்ட் வேலி ட்ரிப்யூன் என்ற சின்னப் பத்திரிகையின் இரண்டு நிருபர்கள் கணக்கெடுத்தார்கள். ஷெரீஃபின் ஆட்கள் குடியேற்ற வேலையில் மூழ்கியதால் அவசர அழைப்புகளுக்குப் போய்ச் சேர நேரம் பிடித்தது, மற்ற குற்றங்களின் விசாரணை படுத்தது என்று தொடர் எழுதினார்கள். அடுத்த வருடம் புலிட்சர் பரிசு கிடைத்தது. அதைவிட மோசமான விஷயம் பிறகு வெளிவந்தது. 2007-ல் முடியும் மூன்று வருடக் காலத்தில் 400-க்கும் மேற்பட்ட பாலியல் குற்றப் புகார்களை ஷெரீஃப் அலுவலகம் சரியாக விசாரிக்கவில்லை, அல்லது விசாரிக்கவே இல்லை. எல் மிராஜ் என்ற ஊரில் மட்டும் பல புகார்கள். பாதிக்கப்பட்டவர்களில் நிறையப் பேர் பேப்பர் இல்லாத குடும்பங்களின் குழந்தைகள். 1979-ல் கேட்ஸ் போட்ட கணக்கை இங்கே தலைகீழாகப் பாருங்கள். அந்தக் குழந்தைகளின் அப்பா அம்மாக்கள் பயத்தை மீறிப் போலீஸுக்குப் போனார்கள். போலீஸ் வரவில்லை.

2007 செப்டம்பரில் ஆர்பையோவின் ஆட்கள் ஒரு காரை வேகத்துக்காக நிறுத்தினார்கள். ஓட்டியவர் வெள்ளைக்காரர், அவரை விட்டுவிட்டார்கள். பயணியாக உட்கார்ந்திருந்த மெக்சிகோ நாட்டவரைப் பிடித்துப் பல மணி நேரம் வைத்திருந்தார்கள். அவரிடம் செல்லுபடியாகும் விசா இருந்தது. அவர் தொடங்கிய வழக்கில்தான் 2013 மே மாதம் மத்திய நீதிபதி முர்ரே ஸ்னோ, ஷெரீஃப் அலுவலகம் இனத்தைப் பார்த்து ஆட்களைப் பிடித்தது, அது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தார். அதற்குள் மத்திய அரசே 2009-ல் தெருவில் பிடிக்கும் அதிகாரத்தையும், 2011-ல் சிறைக்குள் விசாரிக்கும் அதிகாரத்தையும் ஆர்பையோவிடமிருந்து பிடுங்கியிருந்தது. அவர் பிடிப்பதை நிறுத்தவில்லை. கோர்ட் சொன்னதையும் கேட்கவில்லை. 2016-ல் தேர்தலில் தோற்றார், 2017 ஜூலையில் நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளி என்று தீர்ப்பானது, அடுத்த மாதமே அதிபர் டிரம்ப் மன்னித்துவிட்டார்.

இடையில் 2010-ல் அரிசோனா எஸ்.பி. 1070 என்ற மாநிலச் சட்டம் கொண்டுவந்து, 2012-ல் உச்ச நீதிமன்றம் அதில் மூன்று பிரிவுகளை அடித்து, வேறு காரணத்துக்காக நிறுத்தியவர்மேல் சந்தேகம் இருந்தால் நிலையைச் சரிபார்க்கும் பிரிவை மட்டும் விட்டுவைத்தது. இதைப் பற்றித் தமிழிலேயே நிறைய வந்திருக்கிறது, தாண்டிப் போகிறேன். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அதிகம் சத்தமில்லாமல் நடந்த இன்னொன்று.

2008 அக்டோபரில் டெக்சாஸின் ஹாரிஸ் கவுண்டியில் 'செக்யூர் கம்யூனிட்டீஸ்' என்ற திட்டம் ஆரம்பித்தது. அமெரிக்காவில் எந்த லாக்கப்பில் யாரை அடைத்தாலும் கைரேகை எடுத்து எஃப்.பி.ஐ.க்கு அனுப்புவது வழக்கம். இனிமேல் எஃப்.பி.ஐ. அதைக் குடியேற்றத் துறைக்கும் அனுப்பிவிடும். அவ்வளவுதான் மாற்றம். ஒப்பந்தம் வேண்டாம், பயிற்சி வேண்டாம், போலீஸ்காரர் கேள்வியே கேட்க வேண்டாம். 2011-ல் இல்லினாய்ஸ், நியூயார்க், மாசசூசெட்ஸ் மாநிலங்கள் விலகப் பார்த்தபோதுதான், விலக வழியே இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்தது. 2013 ஜனவரிக்குள் நாடு முழுக்க வந்துவிட்டது. 2014-ல் அந்தப் பெயரை எடுத்தார்கள், 2017-ல் திரும்ப வைத்தார்கள், 2021-ல் மறுபடி எடுத்தார்கள். கைரேகை மட்டும் ஒரு நாளும் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது.

இது ஒரு வகையில் சாண்ட்லருக்கு விடை மாதிரித் தெரியும். கம்ப்யூட்டர் முகத்தைப் பார்ப்பதில்லை, ரேகையைத்தான் பார்க்கிறது. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ரேகை எடுக்க முதலில் லாக்கப்புக்குக் கொண்டுபோக வேண்டும், கொண்டுபோவது யாரை என்று தீர்மானிப்பது தெருவில் நிற்கும் அதே போலீஸ்காரர்தான். ரேகை பொருந்தினால் குடியேற்றத் துறையிலிருந்து சிறைக்கு ஒரு கடிதம் வரும்: இவரை விடுவிக்கும் நேரம் வந்தாலும் 48 மணி நேரம் வரை வைத்திருங்கள், நாங்கள் வருகிறோம். கையெழுத்துப் போடுவது நீதிபதி அல்ல, அந்தத் துறை அதிகாரிதான். பென்சில்வேனியாவில் 2008-ல் இப்படி ஒரு கடிதத்தால் ஜாமீன் கட்டிய பிறகும் வார இறுதி முழுக்கச் சிறையில் இருந்த ஒருவர், நியூஜெர்சியில் பிறந்த அமெரிக்கக் குடிமகன். 2014-ல் அவர் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்தக் கடிதம் வேண்டுகோள்தானே தவிர கட்டளை அல்ல என்றது. ஆறு வருடமாக நிறையச் சிறைகள் அதைக் கட்டளை என்று நினைத்துத்தான் நடந்துகொண்டிருந்தன.

இத்தனைக்கும் குற்றம் குறைந்ததா? 2014-ல் மைல்ஸ், காக்ஸ் என்ற இரண்டு சட்டப் பேராசிரியர்கள் இந்தத் திட்டம் கவுண்டி கவுண்டியாகப் பரவியதை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குற்ற விகிதத்தில் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் ஒன்றும் இல்லை.

2012-ல் ஒபாமா அரசு 287(ஜி)யில் தெருவில் பிடிக்கும் வகை ஒப்பந்தங்களைக் கைவிட்டிருந்தது. 2025 ஜனவரி 20, பதவியேற்ற அன்றைக்கே டிரம்ப் போட்ட ஆணைக்குப் பின் அது உயிர் பெற்றது. வருடத் தொடக்கத்தில் 135 அளவில் இருந்த ஒப்பந்தங்கள் செப்டம்பரில் 1000-ஐத் தாண்டின. ஃப்ளோரிடாவின் 67 கவுண்டிகளிலும் கையெழுத்தானது. பல வாரம் நடந்த பயிற்சி, தெரு வகைக்கு 40 மணி நேர ஆன்லைன் வகுப்பாகச் சுருங்கியது. 2025 அக்டோபர் முதல் ஒப்பந்தம் போட்ட போலீஸாரின் சம்பளத்தை மத்திய அரசே திருப்பிக் கொடுக்கும், ஆட்களைக் கண்டுபிடித்துத் தருவதற்கு ஏற்ப மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஊக்கத்தொகையும் உண்டு என்று அறிவித்தார்கள். உத்தரவு போட முடியாது என்றுதானே ஸ்கேலியா எழுதினார், பணம் கொடுக்கக் கூடாது என்று எழுதவில்லையே. 1850-ன் 10 டாலர், 5 டாலர் எனக்கு உடனே ஞாபகம் வந்தது.

அண்ணன் கதைக்கு வருகிறேன். 2025 மார்ச், ஏப்ரலில் அமெரிக்காவில் படிக்கும் ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் பதிவு திடீரென்று ரத்தானது. பலருக்குக் காரணமே தெரியவில்லை. பிறகு நீதிமன்றத்தில் அதிகாரிகள் சொன்னது: சுமார் 13 லட்சம் மாணவர் பெயர்களை எஃப்.பி.ஐ.யின் குற்றப் பதிவுத் தொகுப்பில் போட்டுத் தேடினார்கள், 6,400 அளவில் பொருந்தின. அந்தத் தொகுப்பில் விஷயத்தைப் போடுபவர்கள் நாடெங்கும் உள்ள உள்ளூர் போலீஸார். வழக்கு தள்ளுபடியானவர்கள், டிராஃபிக் விஷயத்தில் மாட்டியவர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். அமெரிக்கக் குடியேற்ற வழக்கறிஞர்கள் சங்கம் திரட்டிய 327 பேரில் பாதி இந்தியர்கள். நீதிமன்றங்கள் வரிசையாகத் தடை போட, ஏப்ரல் 25-ந் தேதி அரசு பதிவுகளைத் திரும்பக் கொடுத்தது.

அண்ணன் எம்.எஸ். படிக்கும்போது ஏதோ ஒரு நெடுஞ்சாலையில் வேகமாகப் போய் மாட்டியிருக்கிறார். அரிசோனாவில் வேக வரம்பை ரொம்பத் தாண்டினால் அதற்குப் பெயரே 'கிரிமினல் ஸ்பீடிங்'. வகுப்புக்குப் போய் உட்கார்ந்து, பணம் கட்டி, வழக்கு தள்ளுபடியாகி, அவரே மறந்துபோன விஷயம். அந்த மூன்று வாரமும் காலையில் எழுந்ததும் பல் தேய்ப்பதற்கு முன்னால் தன் பதிவு உயிரோடு இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார். இருந்தது. ஒன்றும் ஆகவில்லை.

சாண்ட்லரின் 1997 கதையைச் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. எந்த இடம் என்று கேட்டார், ஊர் மையத்தைச் சொன்னேன். "அங்கதானடா சனிக்கிழமை சாப்பிடப் போவோம்" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பாஸ்போர்ட் விஷயத்தை அம்மாகிட்ட சொல்லிடாத" என்றார்.